விதை இருக்கட்டும், இருமலைப் பாருங்கள்

"என் மகனுக்கு இரண்டரை வயது. இரண்டு வாரத்துக்கு முன் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தேன், விதையோடு தின்றுவிட்டான். விதையில் சயனைடு இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மேலே பூசும் மெழுகும் ஆபத்தாமே? தின்னும்போது ஒருமுறை புரையேறியது, உடனே சரியாகிவிட்டது. இப்போது இருமல் விட்டுவிட்டு வருகிறது, ராத்திரியில் லேசாக இழுக்கிறது. அக்கா மகனுக்கு வாங்கிய சிரப் மீதியைக் கொடுத்து வருகிறேன். தினம் ஒரு ஆப்பிள் நல்லது என்றுதானே கொடுத்தேன்?"
– வாசகி, தேனி

பிள்ளையை இன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். விதையில் இருக்கும் விஷத்துக்காக இல்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புரையேறலுக்காக.

வேகவைக்காத ஆப்பிள் துண்டு வாயில் கரையாது, அரைத்துத்தான் விழுங்க வேண்டும். இரண்டரை வயதில் கடைசிக் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும். துண்டோ விதையோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் முதலில் பலமாக இருமுவான். அப்புறம் அடங்கிவிடும். இந்த அமைதிதான் வீட்டில் எல்லோரையும் ஏமாற்றுகிறது. போன துண்டு நுரையீரல் கிளை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, ஈரத்தில் ஊறி உப்பும். சுற்றிலும் சளி கட்டும். நாள் கழித்து இருமல், இழுப்பு, கடைசியில் நிமோனியா. சளி என்றும் ஆஸ்துமா என்றும் மாதக்கணக்கில் மருந்து குடித்துவிட்டு இப்படி வந்து சேர்ந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும், "ஆப்பிள் தின்னும்போது புரையேறியது, அதற்கு அப்புறம்தான் இருமல்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதோடு நிம்மதியாகிவிடவும் வேண்டாம். விழுங்கிய காசு எக்ஸ்ரேயில் தெரியும், பழத்துண்டு தெரியாது. சந்தேகம் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் பிராங்கோஸ்கோப்பி என்ற கேமரா குழாயை விட்டுப் பார்த்து, இருப்பதை எடுத்துவிடுவார்கள். இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்த சிரப்பை நிறுத்துங்கள். எந்த மருந்து, எந்த வயதுக்கு எழுதியது என்று தெரியாமல் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஊற்றுவதா? குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிட வேண்டும் என மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் உத்தரவிட்டது. பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சரி, சயனைடு. ஆப்பிள் விதைக்குள் இருப்பது அமிக்டலின் என்ற பொருள். விதையை மென்று நசுக்கினால்தான் அதிலிருந்து சயனைடு பிறக்கும். நாலைந்து விதையால் வருவது மிகச் சொற்பம், அதை உடம்பே சமாளித்துவிடும். முழுசாக விழுங்கிய விதை அப்படியே மலத்தோடு வெளியேறும். கசகஸ்தானின் தியான் ஷான் மலைக்காடுகள்தான் ஆப்பிளின் பிறந்த ஊர். அங்கே கரடிகள் பழத்தைத் தின்று, செரிக்காத விதையை எச்சத்தோடு வேறு இடத்தில் போட்டுத்தான் மரம் பரவியது. வயிற்றைக் கடந்து போவதற்கென்றே அமைந்த விதை அது. இரண்டு வாரம் ஆகிவிட்டது. விஷமாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வீடியோவை அழித்துவிட்டுத் தூங்குங்கள்.

மெழுகால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பழத்தின் தோலிலேயே இயற்கையாக மெழுகு உண்டு. பறித்த பழத்தை விற்பனைக்கு அனுப்புமுன் கழுவும்போது அது போய்விடுவதால் தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு போன்றவற்றைப் பூச நம் உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும்.

தினம் ஒரு ஆப்பிள் தின்றால் மருத்துவரே வேண்டாம் என்பது வேல்ஸ் நாட்டுப் பழமொழி, அதன் பழைய வடிவம் 1866-லேயே அச்சில் வந்தது. 2015-இல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். தினம் ஆப்பிள் தின்பவர்கள் மருத்துவரிடம் போவது குறையவில்லை. பழம் நல்ல பழம்தான். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது, அதிலுள்ள பெக்டின் என்ற நார் மலச்சிக்கலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் நல்லது. ஆனால் வைட்டமின் சி-யில் நம் கொய்யா எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. ஆப்பிள் வாங்க முடியாத மாதத்தில் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது.

நல்லது என்று நினைத்துக் கொடுத்தீர்கள், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. கொடுத்த விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு வயது வரை பச்சைத் துண்டு வேண்டாம். விதையையும் நடுத்தண்டையும் எடுத்துவிட்டு, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவைத்து மசித்துக் கொடுங்கள். அல்லது துருவிக் கொடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சிம்லா பக்கத்துப் புதுப்பழம் சந்தைக்கு வரும். அதை வேகவைக்கும்போது ஒரு சிறு துண்டு பட்டை போட்டால் வீடே மணக்கும், சர்க்கரை தேவைப்படாது. உட்கார வைத்து ஊட்டுங்கள், ஓடவிட்டுப் பின்னாலேயே போய் ஊட்ட வேண்டாம்.

முதலில் கிளம்புங்கள்.