குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க அப்பா விமானம் ஏறி வர வேண்டுமா?

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நானும் மகளும் பட்டுக்கோட்டையில் மாமனார் வீட்டில் இருக்கிறோம். வரும் சித்திரையில் விசிட் விசாவில் போய் இரண்டு மாதம் அவருடன் இருந்துவிட்டு வரலாம் என்று திட்டம். மகளுக்கு வைகாசியில் இரண்டு வயது நிறைகிறது. அவளுக்கு இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர், “தகப்பன் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் கிடைக்காது. வர முடியாவிட்டால் 8,500 ரூபாய் கொடுங்கள். நோட்டரி, போலீஸ், இசிஎன்ஆர் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். என் பாஸ்போர்ட் திருமணத்துக்கு முன் எடுத்தது. ஒரத்தநாட்டில் உள்ள பிறந்த வீட்டு முகவரிதான் அதில் இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘யாழினி’ என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த 8,500 ரூபாயை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் புதிய பாஸ்போர்ட் எடுக்க அரசு வாங்கும் கட்டணம் 900 ரூபாய். 1,000 ரூபாயில் பத்து சதவீதம் தள்ளுபடி போக மிச்சம். அதையும் விண்ணப்பிக்கும்போதே ஆன்லைனில் கட்டிவிடுகிறீர்கள். கவுண்டரில் யாருக்கும் ஒரு பைசா தரவேண்டியதில்லை. மீதி 7,600 ரூபாய்க்கு அவர் என்ன வேலை செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். இந்தத் துறையில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். எனக்கே பதில் தெரியவில்லை.

உங்கள் கணவர் வர வேண்டியதில்லை. குழந்தைக்குப் பாஸ்போர்ட் கொடுப்பதில் பெற்றோர் இருவருக்கும் சம்மதம் என்பதற்குத்தான் ‘அனெக்சர் டி’ என்ற உறுதிமொழிப் படிவம். அதை நீங்கள் இங்கே நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அவர் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன், ‘என் மகளுக்குப் பாஸ்போர்ட் வழங்க எனக்குச் சம்மதம்’ என்று ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி, தன் பாஸ்போர்ட் நகலோடு அனுப்ப வேண்டும். அசல் காகிதம் கூரியரில் வரட்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் ஏராளம். துபாயில் அதற்கு அவர் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். டிக்கெட் போட்டு ஊருக்கு வருவதோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

இதில் எனக்கும் ஓர் ஆதங்கம் உண்டு. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தினார்கள். பதினைந்து இணைப்புப் படிவங்கள் ஒன்பதாகக் குறைந்தன. நோட்டரி வேண்டாம், மாஜிஸ்திரேட் முன் சத்தியம் வேண்டாம், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போதும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் கடல் தாண்டி உழைக்கப் போனவன் மட்டும் இன்றும் முத்திரைக்காக வரிசையில் நிற்கிறான். அவனுடைய பாஸ்போர்ட்டைக் கொடுத்ததே இந்த அரசுதான். ஆதார் எண்ணும் கைரேகையும் இதே அரசிடம்தான் இருக்கின்றன. இருந்தும் அவன் கையெழுத்தை நம்ப ஒரு ரப்பர் ஸ்டாம்ப் தேவைப்படுகிறது. இதைக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களை வைத்து ஒரு கோப்பே தைக்கலாம். போகட்டும்.

ஆக, டிராவல்ஸ்காரர் சொல்லும் நோட்டரி தண்டச் செலவு. பத்திரத்தாளும் அப்படியே. பாஸ்போர்ட் விண்ணப்பங்களை வாங்கும் சேவா கேந்திரத்தின் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இன்றும் இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் அனெக்சர் டி அடித்து 300 ரூபாய்க்கு விற்கிறார்கள். உள்ளே போனால் அந்தப் பத்திரத்தாளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. படிவத்தை இணையதளத்திலிருந்து இறக்கிச் சாதாரணத் தாளில் அச்சடியுங்கள்.

இசிஎன்ஆர் விஷயம் அதைவிட மோசம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் குடியேற்ற அனுமதி தேவையா இல்லையா என்பதைக் குறிக்கும் சங்கதி அது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லோருமே ‘தேவையில்லை’ என்ற பிரிவில்தான் வருவார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் முடிந்தது. இரண்டு வயதுக் குழந்தை கட்டட வேலைக்கா போகப் போகிறது? அதற்கும் தனியாக ஒரு தொகை வாங்குகிறவரை என்னவென்று சொல்வது!

இனி போலீஸ். பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்குப் பொதுவாகக் காவல்துறைச் சரிபார்ப்பு கிடையாது. உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லை, முகவரியும் வேறு என்பதால் அதிகாரி ஒருவேளை சரிபார்ப்புக்கு அனுப்பலாம். அனுப்பினால் அனுப்பட்டும். காவலர் வீட்டுக்கு வருவார், அல்லது உங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார், கேட்டதைக் காட்டுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. இதற்குப் பயந்து உங்கள் பாஸ்போர்ட்டை முதலில் மாற்றிக்கொண்டு பிறகு குழந்தைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று கிளம்பினால் சித்திரை போய் ஆவணி வந்துவிடும். முகவரிச் சான்றுக்குக் கணவரின் பாஸ்போர்ட்டில் பட்டுக்கோட்டை முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே கொடுக்கலாம். திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை. கையில் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு முதல் கவலை: பெயர்.

நம் ஊரில் பெயர் என்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். ‘செ. யாழினி’ என்று எழுதினால் நமக்கு எல்லாம் விளங்கிவிடும். பாஸ்போர்ட் படிவத்துக்கு இனிஷியல் ஆகாது. அது ‘கிவன் நேம்’ என்று ஒரு கட்டமும் ‘சர்நேம்’ என்று இன்னொரு கட்டமும் போட்டு வைத்திருக்கிறது. குடும்பப் பெயரே இல்லாத நம்மிடம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. பலர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். படிவமும் அதை ஏற்றுக்கொள்ளும். பாஸ்போர்ட்டும் ‘யாழினி’ என்ற ஒற்றைப் பெயரோடு வந்துவிடும். தலைவலி அதற்குப் பிறகு. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செக்-இன் கவுண்டரில் அந்தத் தளர்வை விளக்கிக்கொண்டு நிற்கப் போவது நீங்கள்தான். ஆகவே காலியாக விடாதீர்கள்.

எதை எழுதுவது? கணவரின் பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள். அதில் அவருடைய கிவன் நேம் ‘செந்தில்குமார்’, சர்நேம் ‘ராமசாமி’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராமசாமி உங்கள் மாமனார். ஏஜென்ட் என்ன செய்வார்? சர்நேம் என்றால் பரம்பரைப் பெயர்தானே என்று குழந்தைக்கும் ‘ராமசாமி’ என்றே போட்டுவிடுவார். வடக்கே அது சரி. நம் பிள்ளைக்கு? பள்ளியில் ‘செ. யாழினி’, பாஸ்போர்ட்டில் ‘யாழினி ராமசாமி’. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும்போது இரண்டும் மோதும். அதனால் என் யோசனை: கிவன் நேம் யாழினி, சர்நேம் செந்தில்குமார். பிறப்புச் சான்றிதழில் ‘யாழினி’ மட்டும் இருப்பது தடையாகாது. தந்தை பெயர் அதே சான்றிதழில் அடுத்த வரியில் இருக்கிறது, அதைத்தான் விரித்து எழுதுகிறோம்.

சிலருடைய பாஸ்போர்ட்டில் ‘செந்தில்குமார் ராமசாமி’ முழுவதும் கிவன் நேமிலேயே இருக்கும், சர்நேம் காலி. உங்கள் கணவருடையது அப்படி இருந்தாலும் குழந்தைக்கு ‘செந்தில்குமார்’ போதும். இன்னும் சிலருக்கு வரிசை தலைகீழாக, ‘ராமசாமி செந்தில்குமார்’ என்று இருக்கும். அப்போதும் கூப்பிடும் பெயர் எதுவோ அதுதான் மகளுக்குப் போகவேண்டும். ஆனால் படிவத்தில் ‘தந்தை பெயர்’ என்று தனியாகக் கேட்கும் இடத்தில் மட்டும் அவர் பாஸ்போர்ட்டில் உள்ளதை, கட்டத்துக்குக் கட்டம், எழுத்துக்கு எழுத்து அப்படியே இறக்க வேண்டும். அங்கே உங்கள் கைவரிசையைக் காட்டாதீர்கள். ‘செந்தில்’ ஒரு சொல், ‘குமார்’ ஒரு சொல் என்று அதில் பிரித்திருந்தால் நீங்களும் பிரியுங்கள். ஆங்கிலத்தில் யாழினிக்கு எந்த எழுத்து வரும் என்பதையும் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நியூமராலஜிக்காரர் சொன்ன கூடுதல் எழுத்தைச் செல்லப்பெயரோடு வைத்துக்கொள்ளலாம். ஏஜென்ட் இடைவெளி விட்டுத் தட்டிய ஒரு பெயருக்காக, மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி நேரம் வாங்கி, மறுவெளியீட்டுக்கு வந்து நின்ற ஒரு தாயை நான் மறக்கவில்லை. மன்னார்குடிப் பக்கம் என்று சொன்னார். இடுப்பில் குழந்தை, கையில் கேன்சல் செய்த விமான டிக்கெட். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

சான்றிதழில் பெயர் இருப்பதே உங்களுக்குப் பாதி வெற்றி. பல வீடுகளில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் பதிந்து, பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு வருடத்துக்குள் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் அலுவலகம் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கும். உங்கள் மகளும் அந்தக் கணக்கில்தான் வருகிறாள். ஆதார் அட்டையை நீட்டிப் பயனில்லை.

விண்ணப்பத்தை உங்கள் போனிலிருந்து, உங்கள் மின்னஞ்சலில், நீங்களே போடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் கல்லூரியில் படிக்கும் மச்சினரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தன் மின்னஞ்சலையும் தன் எண்ணையும் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் கடவுச்சொல் அவரிடம், ஓடிபி அவரிடம், அப்பாயின்ட்மென்ட் தேதியும் அவரிடம். கேட்டதைக் கொடுக்கும் வரை கோப்பு எண்கூடக் கண்ணில் படாது. தேடுபொறியில் முதலில் வருவதையும் நம்பாதீர்கள். அசல் தளத்தைப் போலவே சிங்க முத்திரை போட்ட போலித் தளங்கள் பணம் வாங்குகின்றன. வெளியுறவு அமைச்சகமே அவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பாஸ்போர்ட்இந்தியா.ஜிஓவி.இன், இது ஒன்றுதான். வால் ‘ஜிஓவி.இன்’ என்று முடியவில்லை என்றால் மூடிவிடுங்கள்.

உங்களுக்குத் தஞ்சாவூர் சேவா கேந்திரம் வசதி. குழந்தையைக் கட்டாயம் தூக்கிப் போக வேண்டும். நான்கு வயதுக்குக் கீழ் என்பதால் போட்டோவும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்: வெள்ளைப் பின்னணி, 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர். இந்தப் போட்டோவில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டுடியோவில் குழந்தை அழும். தாய் பின்னால் இருந்து பிடிப்பார். படத்தில் தோளுக்குப் பக்கத்தில் இரண்டு விரல், ஒரு வளையல் தெரியும். தள்ளிவிடுவார்கள். திருஷ்டிப்பொட்டு கன்னத்தில் இருந்தால் அன்றைக்கு மட்டும் அழித்துவிடுங்கள். வீட்டிலேயே வெள்ளை வேட்டியைப் பாயின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, குழந்தையைப் படுக்க வைத்து, மேலே நின்று கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே எடுத்தால் ஸ்டுடியோவைவிட நன்றாக வரும். ஜன்னல் பக்கம், காலை வெளிச்சத்தில், கண் திறந்திருக்கும்போது.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ-யில் இருப்பவர்கள் தனியார் நிறுவன ஊழியர்கள். காகிதங்களை வாங்கிப் பதிவார்கள். பி-யிலும் சி-யிலும் அரசு அதிகாரிகள். ஏ கவுண்டரில் ‘தகப்பன் எங்கே’ என்று கேட்டால் பதறாதீர்கள். தூதரக முத்திரையுள்ள காகிதத்தை நீட்டுங்கள். சந்தேகமென்றால் அடுத்த கவுண்டர் முடிவு செய்யட்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒரு காகிதம் குறைந்து திரும்பி வந்தாலும் கட்டிய கட்டணம் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். வேறு தேதி எடுக்கலாம். தத்கால் வேண்டாம், அதற்கு 2,000 ரூபாய் கூடுதல். நீங்கள் இப்போதே போட்டால் நேரம் தாராளம். கணவனும் மனைவியும் உறவு முறிந்து பிரிந்திருக்கும் வீடுகளுக்குப் படிவமும் வேறு, வழியும் வேறு. உங்களுக்கு அது வேண்டாம்.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று. பயண நாளில் இரண்டு வயது நிறையாத குழந்தைதான் விமான நிறுவனங்களின் கணக்கில் கைக்குழந்தை. மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. சித்திரையில் போகும்போது யாழினி கைக்குழந்தை. ஆனியில் திரும்பும்போது இரண்டு முடிந்திருக்கும். அவளுக்குத் தனி இருக்கை, தனி டிக்கெட். இரண்டு வழிக்கும் சேர்த்துக் கைக்குழந்தை டிக்கெட்டாகவே போட்டுத் தருகிறேன் என்று அதே டிராவல்ஸ்காரர் சொன்னால், துபாய் விமான நிலையத்தில் அன்றைய விலைக்கு இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.