விடுமுறையில் அணையும் அடுப்பு

கேள்வி: அறுவடைக்குப் பிள்ளைகளின் உதவி தேவைப்பட்டதால்தான் அமெரிக்கா போன்ற நாடுகளில் கோடை விடுமுறை வந்தது என்று படித்தேன். உண்மைதானா? எந்த நாட்டில் விடுமுறை அதிகம்? நம் பிள்ளைகளுக்கும் அவ்வளவு நாள் விட்டால் என்ன?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நடுக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் மிக நீண்ட கோடை விடுமுறை விடும் நாடுகளில் ஒன்று இத்தாலி. ஜூன் முற்பாதியில் பள்ளியை மூடினால் செப்டம்பர் நடுவில்தான் திறக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஏறத்தாழ 6 வாரம். ஜப்பானின் பெரும்பகுதியில் 40 நாள் அளவுக்கு விடுகிறார்கள். குளிர் மிகுந்த ஹொக்கைடோவில் கோடையில் சில நாட்களைக் குறைத்துப் பனிக்காலத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனி அறுவடைக்கு வருவோம். அமெரிக்காவைப் பொறுத்தவரை அந்தக் கதை தவறு. நெல் விளையும் ஊரிலிருந்து எழுதும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை: வயலில் ஆள் பற்றாமல் போவது விதைப்பின்போதும் அறுப்பின்போதும்தான், பயிர் தானாக வளர்ந்துகொண்டிருக்கும் நடுக்காலத்தில் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவமும் கோடையில் ஒரு பருவமுமாக நடந்தன. வசந்தத்தில் விதைக்கவும் இலையுதிர் காலத்தில் அறுக்கவும் மூடப்பட்டன. நகரங்களிலோ பள்ளிகள் ஆண்டின் பெரும்பகுதி திறந்தே இருந்தன. 1842இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் 248 நாட்கள் இயங்கின. காற்றோட்டமில்லாத கட்டடங்களில் ஜூலை வெயிலில் உட்கார முடியவில்லை. வசதி படைத்த குடும்பங்கள் அந்த மாதங்களில் நகரத்தை விட்டு வெளியேறின. ஓயாமல் படித்தால் பிள்ளைகளின் மூளை தளர்ந்து உடல் கெடும் என்று அக்காலக் கல்வியாளர்களும் மருத்துவர்களும் அஞ்சினார்கள். அங்கே கோடை விடுமுறை பிறந்தது நகரத்தில். கிராமத்துக்கு அது பின்னால் போய்ச் சேர்ந்தது.

மெய்யாகவே அறுவடைக்காக விட்ட விடுமுறையைப் பார்க்க வேண்டுமானால் அதே நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்து அரூஸ்டுக் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே ஆகஸ்டிலேயே பள்ளியைத் திறந்து, செப்டம்பரில் உருளைக்கிழங்கு எடுப்பதற்காக மீண்டும் மூடுவார்கள். விடியற்காலைக் குளிரில், இயந்திரம் கிளறிவிட்டுப் போன சாலில் பிள்ளைகள் குனிந்தபடியே நகர்ந்து, சிம்புகளால் முடைந்த கூடையில் கிழங்கைப் பொறுக்கிப் பீப்பாயில் கொட்டுவார்கள். பீப்பாய் நிறைந்ததும் தங்கள் எண் எழுதிய சீட்டை அதில் வைப்பார்கள். சீட்டை எண்ணித்தான் கூலி. அந்தக் கூலியில் பள்ளிக்கு வேண்டிய குளிர்ச்சட்டையும் காலணியும் வாங்கிய தலைமுறைகள் அங்கே உண்டு. அறுவடை இயந்திரங்கள் பெருகிய பின் அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்காட்லாந்திலும் அக்டோபர் விடுமுறையைப் பழைய நினைவில் இன்றும் கிழங்கு விடுமுறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்று நாட்காட்டியை முடிவு செய்வதில் வயலின் இடத்தைச் சுற்றுலா பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால விடுமுறையை மண்டலத்துக்கு மண்டலம் ஒரு வாரம் தள்ளி விடுகிறது; பனிச்சறுக்கு விடுதிகள் இரண்டு வாரத்தில் நிரம்பி வழிந்து மற்ற நாட்களில் காற்றாடாமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடு உதவுகிறது. ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பெரும்பாலானவை, நெடுஞ்சாலையும் விடுதிகளும் ஒரே நாளில் திணறாதபடி கோடை விடுமுறையை முறைவைத்து மாற்றிக்கொள்கின்றன. பவேரியாவும் பாடன் வூர்ட்டம்பெர்க்கும் மட்டும் அந்தச் சுழற்சிக்குள் வராமல் ஆண்டுதோறும் கடைசியாகவே விடுகின்றன, மற்ற மாநிலங்களுக்கு அதில் மனக்குறை உண்டு. நம் பக்கத்திலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. ஏப்ரல், மே விடுமுறையை மழை கொட்டும் ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று 2025இல் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி மக்களிடம் கருத்துக் கேட்டார். தமிழ்நாட்டில் 2023இல் வெயில் தணியாததால் பள்ளித் திறப்பு ஜூன் 12க்கும், ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஜூன் 14க்கும் தள்ளிப்போனது. வெயிலுக்காகத் தள்ளுவது சரியான முடிவுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் திறப்பு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் ஒரு வேளைச் சாப்பாட்டை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறை எத்தனை நாள் என்று கேட்கும் நாம், அத்தனை நாளும் அவர்கள் மதியத்தில் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை. இந்தப் பக்கத்தில் இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன்; இனியும் எழுதுவேன்.

பணக்கார நாடுகளும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. 2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்ட், சிறுவயதில் தன் தாய் முழுநேரம் உழைத்தும் வீட்டில் போதிய உணவு இல்லாமல் பள்ளியின் இலவச உணவை நம்பியிருந்ததைக் குறிப்பிட்டு, கோடை விடுமுறையிலும் உணவுச் சீட்டு வழங்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். முதலில் மறுத்த பிரிட்டன் அரசு அடுத்த நாளே இறங்கிவந்து, பிள்ளை ஒன்றுக்கு வாரம் 15 பவுண்டு வீதம் 6 வாரத்துக்கு வழங்க ஒப்புக்கொண்டது. அமெரிக்கா 2024 முதல் வறிய குடும்பங்களுக்குக் கோடையில் பிள்ளை ஒன்றுக்கு 120 டாலர் உணவுத் தொகை தருகிறது. சில மாநில ஆளுநர்கள் அதையும் வேண்டாம் என்று மறுத்தார்கள் என்பது வேதனையான செய்தி.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நாள்தோறும் இலவச மதிய உணவை உரிமையாக்குகிறது. ஆனால் அதே வரியிலேயே பள்ளி விடுமுறை நாட்களை விலக்கிவிடுகிறது. உரிமையைக் கொடுத்த கை அங்கேயே அதைச் சுருக்கியும் விட்டது. அதற்கு முன் உச்ச நீதிமன்றம், சமைத்த மதிய உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் வழங்க வேண்டும் என்று 2001இல் ஆணையிட்டது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் வழங்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் மேலும் ஆணையிட்டது. பசிக்கும் வயிற்றுக்கு வறட்சிச் சான்றிதழ் எதற்கு என்பது என் கேள்வி. மாவட்டம் முழுவதும் மழை பெய்திருந்தாலும், நடவு முடிந்து அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் கூலிக் குடும்பத்தின் பானை காலியாகத்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு இதைச் சொன்னபோது, சோற்றுக்காகவா பள்ளிக்கூடம் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் காட்டமாகக் கடிதம் எழுதினார். ஐயா, சோற்றுக்காகவும்தான். காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே வார்த்தையைச் சொன்னவர்கள் இருந்தார்கள். சோறு போட்டதால் பிள்ளைகள் வந்தார்கள், வந்ததால் படித்தார்கள், அவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று பட்டம் வாங்குகிறார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் சரியாக இருக்கும் ஏற்பாடு மே மாதத்தில் மட்டும் எப்படித் தவறாகும்?

பணம் இல்லை என்ற விடையையும் ஏற்க முடியாது. 2020இல் பெருந்தொற்றின்போது, கோடை விடுமுறைக்கும் மதிய உணவு வழங்க ஒன்றிய அரசே ஒப்புதல் அளித்து, அதற்கென ஏறத்தாழ 1,600 கோடி ரூபாயை ஒதுக்கியது. முடியும் என்று ஒருமுறை காட்டியாகிவிட்டது. 2022இல் காலை உணவுத் திட்டத்தை ஒன்றிய அரசின் சட்டத்தை எதிர்பார்க்காமல் தமிழ்நாடு அரசு தானாகவே தொடங்கியது. கூடம் இருக்கிறது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுப்பும் வேண்டும். முறைவைத்து விடுப்புக் கொடுத்து, கோடையில் வேலை செய்யும் நாட்களுக்குத் தனிச் சம்பளம் தரட்டும். வகுப்பறையைத் திறக்க வேண்டாம், மணி அடிக்க வேண்டாம், வருகைப் பதிவேடும் வேண்டாம். நண்பகலில் ஒரு மணி நேரம் சத்துணவுக்கூடக் கதவு திறந்திருந்தால் போதும். தட்டோடு வரும் பிள்ளைக்குச் சோறும் முட்டையும் கிடைக்கட்டும். அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு இத்தாலியைப் போல மூன்று மாதம் விட்டாலும், அம்மா, நான் உங்கள் பக்கம்தான். அதுவரை ஒரு நாள்கூடக் கூட்டிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.