வாடகை வீட்டுத் தரைக்கு எந்த டைல்ஸ் நீடிக்கும்?

பெங்களூரில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் பதில்: தரைக்கு டபுள் சார்ஜ் விட்ரிஃபைட் டைல்ஸ் போடுங்கள்.

விட்ரிஃபைட் என்றால், மண்ணும் தாதுப்பொடியும் கண்ணாடிபோல இறுகும்வரை அதிக வெப்பத்தில் சுட்டது. அது உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதம்கூட இருக்காது. அதனால் கறை எளிதில் உள்ளே இறங்குவதில்லை. சாதாரண செராமிக் டைல்ஸ் பல மடங்கு உறிஞ்சும். அதைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, டபுள் சார்ஜ் எதற்கு? அதில் நிறமும் வடிவமும் 3 முதல் 4 மி.மீ. ஆழம்வரை இருக்கும். கடையில் கண்ணைப் பறிக்கும் அச்சிட்ட ஜிவிடி (மேலே பளபளப்புப் பூச்சுள்ள விட்ரிஃபைட்) வகையில் வடிவம் மேலே மெல்லிய படலம்தான். அச்சுப் புடவைக்கும் நெய்த புடவைக்கும் உள்ள வித்தியாசம் இது. ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் கட்டிலையும் பீரோவையும் இழுப்பார்கள். கீறல் விழத்தான் செய்யும். டபுள் சார்ஜில் கீறினாலும் அடியில் அதே நிறம்.

குளியலறைக்கு மட்டும் வழுக்காத மேட் ரகம். போர் தண்ணீர் வருகிற பகுதி என்றால் உப்புக்கறை டைல்ஸ் இணைப்புகளில்தான் முதலில் படியும். அங்கே சிமென்ட் பூச்சுக்குப் பதில் எபாக்சி என்ற பிசின் கலவையை வைத்துவிடுங்கள், கூடுதல் செலவு வீண் இல்லை. அப்புறம், அதே தயாரிப்புத் தொகுதியில் (பேட்ச்) ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக எடுத்து வையுங்கள். பிறகு அதே நிறம் கிடைப்பது கடினம்.

தடிமனான டைல்ஸ் உடையாது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் உடைவது அடியில் கலவை நிரம்பாமல் வெற்றிடம் இருக்கும் இடத்தில்தான், ஒட்டிக் காய்ந்ததும் நாணயத்தால் தட்டினாலே அந்த வெற்றொலி கேட்கும்.