வெளிநாட்டு மொழி வாசிப்பில் பெண்கள்தான் கெட்டியா?

"எங்கள் ஜெர்மன் வகுப்பில் வாசிப்புத் தேர்வு என்றாலே பெண்கள்தான் முந்துகிறார்கள். பெண்களுக்கு மொழி இயல்பாகவே வருமா, இல்லை ஆண்களுக்குத் தன்னம்பிக்கை குறைவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏழெட்டு வருடமாகச் சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்தவரை பையன்களுக்குத் தன்னம்பிக்கை குறைவே இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு நாள் பி1 (இடைநிலை) வகுப்பில் 'டெர் ரேகன் ஹோர்ட் ஹொய்டெ நிஷ்ட் மேர் அவுஃப்' என்று ஒரு வரி. ரேகன் என்றால் மழை. ஹோரன் என்றால் காதால் கேட்பது, முதல் மாதத்திலேயே படித்துவிடுவார்கள். பொறியியல் முடித்த பையன் ஒருவன் சட்டென்று, "இன்னைக்கு மழைச் சத்தம் கேக்கல மேடம்" என்றான். வாக்கியத்தின் கடைசியில் தனியாக நின்ற 'அவுஃப்' அவன் கண்ணிலேயே படவில்லை. அது ஹோரனோடு சேர்ந்தால் 'நிற்பது' என்று பொருள் மாறிவிடும். இன்றைக்கு மழை விடாது என்பதுதான் அந்த வரி. தலைகீழாகச் சொல்லிவிட்டு, ஒரு துளி சந்தேகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

பின்வரிசையில் ஒரு நர்ஸ். 'அவுஃப்'பைப் பென்சிலால் வட்டம் போட்டு, அங்கிருந்து 'ஹோர்ட்' வரை கோடு இழுத்து வைத்திருந்தாள். விடையும் சரி. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "சந்தேகமா இருந்துச்சு மேடம்."

சரி, அவள்தான் கெட்டி என்று முடித்துவிடலாமா? கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் வாசிப்புக்கு 65 நிமிடம், ஐந்து பகுதிகள். அகராதிக்கு அனுமதி கிடையாது. மாதிரித் தேர்வில் அவள் மூன்று பகுதியைத்தான் முடித்தாள். தெரியாத ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனால் நேரம் எங்கே இருக்கும்? அவன் 40 நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே 60 மதிப்பெண்ணைத் தொடவில்லை. தேர்ச்சிக்கு 100-க்கு 60 வேண்டும்.

ஆய்வுகளும் ஒரே பேச்சாக இல்லை. 1989-ல் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டும் மார்த்தா நைக்கோஸும் அமெரிக்காவில் அயல்மொழி படித்த சுமார் 1,200 பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டார்கள். கற்றல் உத்திகளை அதிகம் பயன்படுத்துவதாகச் சொன்னது பெண்கள்தான். 2001-ல் ஷியோரியும் மொக்தாரியும் வாசிப்பு உத்திகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியான மாணவர்களிடம் அதே ஆண்-பெண் வேறுபாடு தெரிந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களிடம் தெரியவில்லை. அப்புறம், இவையெல்லாம் கேள்வித்தாளில் அவரவர் டிக் அடித்த விடைகள். 'தெரியாத சொல்லை ஊகிப்பேன்' என்பதற்கு அந்தப் பையனும் 'எப்போதும்' என்றுதான் டிக் அடிப்பான். ஊகிக்கிறான், பொய் சொல்லவில்லை. ஊகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஆணா பெண்ணா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். தெரியாத சொல் வந்ததும் கை என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். அவசரத்துக்கு ஒரு மருந்து, தயக்கத்துக்கு வேறு மருந்து. பையனுக்கு ஒரே ஒரு விதி: வாக்கியத்தின் கடைசிச் சொல்லை உரக்கச் சொன்ன பிறகுதான் பொருள் சொல்ல வேண்டும். (தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது. ஆனாலும் வேறொரு மொழி என்றதும் ஆங்கில வாக்கியத்தைப் படிக்கிற மாதிரியே பாதியில் முடிவு கட்டிவிடுகிறோம்.) அவளுக்கு முதல் வாசிப்பில் பென்சில் கிடையாது, போன் பைக்குள். நாலு நிமிடத்தில் படித்துவிட்டு, எதைப் பற்றிய பத்தி என்று தமிழில் ஒரே வரி எழுத வேண்டும். முதல் வாரம் அழாத குறை. மூன்றாவது வாரம், விட்டுவிட்டுப் போன சொற்களில் பாதி பத்தி முடிவதற்குள் தானாகவே விளங்கிவிடுகிறது என்று அவளே சொன்னாள். "உன்னால முடியும்மா" என்று நான் நூறு தடவை சொல்லி நகராத விஷயம் அது. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் எல்லாவற்றையும்விட வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே எழுதியிருக்கிறார்.

அவள் முதல் தடவையிலேயே தேறினாள். பையனுக்கு இரண்டாவது தடவை ஆயிற்று. இப்போதெல்லாம் ஒரு வரியைக் கொடுத்தால், "இருங்க மேடம், கடைசில என்ன இருக்கு?" என்கிறான். அவளை வகுப்பில் வாய் திறக்க வைக்கத்தான் கடைசி வரை என்னால் முடியவில்லை.