“எத்தனை கிராம்ல போட்டீங்க?”

மருந்து ஆய்வகத்தில் முப்பது வருடம் குடுவையோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*கேள்வி: மகள் மருந்து வேதியியலில் ஆய்வு மாணவி. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக வேண்டுமாம். எல்லாக் கட்டுரையும் இணையத்திலேயே கிடைக்கும்போது எதற்கு இந்தச் செலவு? – ஒரு தந்தை, திண்டுக்கல்*

கட்டுரையாக வருவதற்கு முந்தைய சங்கதிகளைக் கேட்கத்தான் ஐயா மாநாடு. அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் ஓர் அமர்வு உண்டு. பரிசோதனையில் இருக்கும் மருந்துகளின் மூலக்கூறு அமைப்பை நிறுவனங்கள் முதன்முதலாக அங்கே திரையில் காட்டும். அதுவரை மருந்துக்குப் பெயர்கூட இருக்காது, வெறும் எண்தான். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் படத்தை வெளியே விட்டால் ‘புதுசு’ என்ற தகுதியே போய்விடும். அதனால்தான் அவ்வளவு ரகசியம்.

2021 ஏப்ரல் 6 அன்று ஃபைசரின் டாவித் ஓவன் அப்படி ஒரு படத்தைக் காட்டினார். அன்று அதன் பெயர் பிஎஃப்-07321332. பின்னாளில் பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரையில் வந்த நிர்மாட்ரெல்விர் அதுதான். கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் அவசரமாக வரைந்தேன்; ஒரு பிணைப்பைத் திசை மாற்றிப் போட்டுவிட்டேன், அது வேறு கதை. மூலக்கூறின் ஓரத்தில் ஒரு நைட்ரைல், அதாவது கார்பனும் நைட்ரஜனும் மூன்று பிணைப்பால் இறுகிய ஜோடி. கொரோனா வைரஸ் தன் நீளமான புரதத்தைத் துண்டு போட ஒரு நொதியை வைத்திருக்கிறது. அந்த நொதியின் கந்தக அணு போய் இந்த நைட்ரைலைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கத்தரி வேலை செய்யாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கணக்குதான். 2020 ஜூலைக் கடைசியில் முதலில் கிடைத்தது 7 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் பத்தில் ஒரு பங்கு தேறாது. அக்டோபர் இறுதிக்குள் 100 கிராம். அடுத்த இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல்!

“அந்த வருடக் கூட்டம் முழுக்க இணையத்தில்தானே நடந்தது?” என்று மடக்காதீர்கள். உண்மைதான், நானும் வீட்டிலிருந்துதான் பார்த்தேன். ஆனால் வீட்டில் டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்று “அந்த வழியில நாங்களும் போய்ப் பார்த்தோம், ஓடலை” என்று சொல்ல ஆளில்லை. கார்டன் ஆய்வு மாநாடுகள் என்று சில அறிவியல் கூட்டங்கள் உண்டு; அங்கே படம் எடுக்கவே கூடாது. சொன்னதை வெளியே மேற்கோள் காட்டவும் கூடாது. அந்த தைரியத்தில்தான் மனிதர்கள் தோல்வியைப் பேசுகிறார்கள். முடிந்தால் அனுப்பி வையுங்கள்.

*கேள்வி: வேதியியலாளர்களின் முதல் சர்வதேச மாநாடு எது? – ஆசிரியை, தஞ்சாவூர்*

1860 செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில். அணு எடை விஷயத்தில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். மூன்று நாள் பேசியும் ஒத்துப்போகவில்லை. கலையும் நேரத்தில் இத்தாலியரான கன்னிசாரோவின் சிறு நூல் ஒன்றை நண்பர் ஒருவர் எல்லோருக்கும் கொடுத்தார். ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மேயருக்கு அதைப் படித்த பிறகுதான் தெளிவு பிறந்தது. வந்திருந்தவர்களில் இளைஞர் மெண்டலீவும் ஒருவர். 1869இல் அவருடைய தனிம அட்டவணை வந்தது.

*கேள்வி: பேச வாய்ப்பில்லை, போஸ்டர்தான் கிடைத்தது. யாராவது நின்று பார்ப்பார்களா? – எம்.எஸ்சி. மாணவி, நெல்லை*

ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குவதுதான் போஸ்டர். என் முதல் போஸ்டர் ஐதராபாத்தில். ஒரு மணி நேரம் ஈ ஓட்டினேன். அப்புறம் பேட்ஜ் திரும்பிக் கிடந்த ஒரு பெரியவர், நம்ம ஊர்க்காரர், வந்து தயாரிப்பு முறையின் மூன்றாவது படியில் விரலை வைத்தார்.

“தம்பி, இதை எத்தனை கிராம்ல போட்டீங்க?”

“இருபது மில்லிகிராம் சார். சிலிக்காப் பொடி நிரப்பின குழாய் வழியா ஓட்டிப் பிரிச்சேன்.”

“சரி. நூறு கிராம் போட்டா எத்தனை மூட்டை சிலிக்கா வாங்குவீங்க?”

எனக்குப் பேச்சு வரவில்லை. “அமீன்தானே, காரத்தன்மை இருக்கு; அமிலம் சேர்த்து உப்பாக்கிப் படிகமா இறக்கிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு டீ வரிசைக்குப் போய்விட்டார். ஊர் திரும்பியதும் டார்டாரிக் அமிலத்தைச் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று படிகம்.

நிற்பார்களம்மா. எழுத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள். ஓடாத ரியாக்‌ஷன் ஒன்றையும் ஒரு மூலையில் போட்டு வையுங்கள். பெரியவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள்.