பழைய மறுவாழ்வு மையத் தோழர்களைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

1984இல், எனக்கு 16 வயதில், அமெரிக்காவில் பதின்வயதினருக்கான ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் என்னைச் சேர்த்தார்கள். 14 மாதம் இருந்தேன். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே என்னோடு இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசி வருகிறேன். மற்றவர்கள் தேடவும் உதவுகிறேன். நான் மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை. பட்டறிவு மட்டும் உண்டு. வந்த கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை நீக்கிவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு முகங்கள் நினைவிருக்கின்றன, முதல் பெயர்கள் நினைவிருக்கின்றன. குடும்பப் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. எங்கே தொடங்குவது?

நம் எல்லோருக்கும் இதே சிக்கல்தான். குடும்பப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்று பல மையங்களில் விதியே இருந்தது. முதலில் உங்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள். பெற்றோர் வைத்திருந்த கட்டண ரசீது, பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அழைப்பு, விலாசம் எழுதிய கடித உறை என ஏதாவது ஒன்று அகப்படும். புதிதாக வந்தவர்களை இரவில் மூத்தவர்களின் வீடுகளில் தங்க வைக்கும் வழக்கம் இருந்த மையமென்றால், உங்களைத் தங்க வைத்த குடும்பத்தின் பெயர் உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கலாம். என் முதல் மூன்று பேரை அப்படித்தான் பிடித்தேன்.

அடுத்தது, மையத்தின் பெயரையும் வருடத்தையும் சொல்லிச் சமூக வலைத்தளங்களில் இயங்கும் பழைய மாணவர் குழுக்கள். பெண்களைத் தேடுவது கடினம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கும். அவர்களுடைய அண்ணன் தம்பிகளைத் தேடுங்கள். செய்தித்தாள்களின் இறப்பு அறிவிப்புகளையும் பாருங்கள். தந்தையின் மறைவுச் செய்தியில் மகளின் இன்றைய பெயர் இருக்கும். சில நேரம் நாம் தேடுகிறவரின் பெயரே தலைப்பில் இருக்கும். தனியாக உட்கார்ந்து நள்ளிரவில் தேடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

கேள்வி: ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் செய்தியில் என்ன எழுதுவது? மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மூன்று பக்கத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அனுப்ப வேண்டாம்.

அவர் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அந்த மையத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாமல் இருக்கலாம். செய்தி வரும் நேரத்தில் கைபேசி யார் கையில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் மையத்தின் பெயர், போதை, சிகிச்சை எதையும் முதல் செய்தியில் எழுதுவதில்லை. அலுவலக முகவரிக்கு அனுப்புவதில்லை. உறவினர் வழியாகச் சொல்லி அனுப்புவதும் இல்லை. நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"என் பெயர் இது. 1984-85இல் நாம் ஒரே இடத்தில் இருந்தோம் என்று நினைக்கிறேன். உன்னை நல்லபடியாகத்தான் நினைத்திருக்கிறேன். எனக்கு எதுவும் வேண்டாம். பதில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாயைத் திறந்து பேசு, பேசாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்ற மிரட்டலில் வளர்ந்தவர்கள் நாம். பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பாதிப் பேர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: நான் இருந்த மையம் வேறு, என் தோழி இருந்தது வேறு மாநிலத்தில். ஆனால் பேசிப் பார்த்தால் அதே நாற்காலி வரிசை, அதே கூச்சல், அதே வார்த்தைகள். எப்படி?

ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால்தான். 1958இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெட்ரிக் தொடங்கிய சினனான் அமைப்பில் 'விளையாட்டு' என்று ஒன்று இருந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரைக் குறிவைத்து எல்லோரும் சேர்ந்து வறுத்தெடுப்பார்கள். வயது வந்த ஹெராயின் அடிமைகளுக்காக வந்த முறை அது. 1970இல் புளோரிடாவில் தொடங்கிய 'தி சீட்' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்து உடைத்தார்கள். 1974இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று, அந்தத் திட்டத்தின் வழிமுறைகளை 1950களில் வட கொரியர்கள் கையாண்ட மூளைச்சலவையோடு ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. இருந்தும் 1976இல் அதே புளோரிடாவில், அதே அச்சில், 'ஸ்ட்ரெய்ட்' தொடங்கப்பட்டது. பல மாநிலங்களில் கிளைவிட்டு 1993 வரை நடந்தது. 1983இல், விருப்பத்துக்கு மாறாக அங்கே அடைத்து வைக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவருக்கு 2,20,000 டாலர் கொடுக்கும்படி நீதிமன்றத்தில் தீர்ப்பானது. அதற்குப் பிறகும் பத்து வருடம் ஓடியது என்பதைக் கவனியுங்கள். இதே முறையில் மெய்ன் மாநிலத்தில் 1970இல் தொடங்கிய ஈலான் பள்ளியை 2011இல்தான் மூடினார்கள்.

ஓர் இடத்தில் தேறி ஊழியரானவர் இன்னோர் இடத்துக்குப் போய் அதையே நடத்துவார். நாற்காலி வரிசைகூட மாறாததற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: நான் ஒருவனைப் போட்டுக்கொடுத்தேன். தப்பி ஓடத் திட்டமிட்டிருக்கிறான் என்று குழுவில் எழுந்து சொன்னேன். அவனை முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மேலும் எட்டு மாதம் இருந்தான். எனக்கு அப்போது 15 வயது, இப்போது 52. அவன் முகவரி கிடைத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கலாமா?

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

போட்டுக்கொடுக்காதவன் வீட்டுக்குப் போக முடியாது என்ற ஏற்பாட்டில் நம்மை வைத்தார்கள். சொல்லவில்லை என்றால் மறைத்ததற்காக நீங்கள் எழுந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இதை நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். அவரிடம் சொல்லாதீர்கள். "எல்லோரும் அப்படித்தானே இருந்தோம்" என்று தொடங்கும் மன்னிப்பு, கேட்கிறவர் காதில் சாக்காகத்தான் விழும்.

குடிநோயாளர் கூட்டங்களின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவதைப் பலர் எனக்கு மேற்கோள் காட்டுகிறார்கள்: தீங்கு செய்தவர்களிடம் நேரில் பரிகாரம் தேடு என்பது. அந்தப் படியிலேயே ஒரு நிபந்தனையும் உண்டு, அதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்: அப்படிச் செய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் என்றால் செய்யாதே. ஆகவே முதலில் மேலே சொன்ன சின்னச் செய்தியை அனுப்புங்கள். அவர் பேச வந்தால், அந்தக் காலத்தைப் பற்றிப் பேச விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் மட்டும், நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் சொல்லுங்கள். "மன்னித்துவிட்டாயா?" என்று கேட்டு அவர் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்த வேண்டாம்.

நானும் செய்தவள்தான். ஒரு பெண் தன் பாட்டி எழுதிய கடிதத்தைக் காலுறைக்குள் மடித்து வைத்திருந்தாள். நான்தான் சொன்னேன். குழுவின் முன்னால் அதைக் கிழித்தார்கள். அவள் கத்தவில்லை, கிழிந்த துண்டுகள் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் கழித்து அவளிடம் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அவள் சொன்னாள்: "நீதான் என்று அன்றைக்கே தெரியும். அதற்கு முந்தின வாரம் உன்னைப் பற்றிச் சொன்னது நான்." எனக்கு அது அன்றுவரை தெரியாது. இருவரும் சிரித்தோமா அழுதோமா என்று சொல்லத் தெரியவில்லை.

இப்படியே உங்களுக்கும் நடக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இன்னொருவரிடம் இதே போலப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இனி எழுதாதே" என்றார். அதன்பின் எழுதவில்லை.

கேள்வி: என் நண்பன் அந்த இடம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்கிறான். எனக்கு அது நரகம். பேச்சு எடுத்தாலே சண்டை. விட்டுவிடலாமா?

விட வேண்டியதில்லை. அவர் ஊசி போட்டுக்கொண்டு சாகக் கிடந்த நிலையில் வந்திருக்கலாம். நீங்கள் இரண்டு முறை கஞ்சா புகைத்ததற்காக வந்திருக்கலாம். ஒரே அறை, ஒரே நாற்காலி, ஆனால் உள்ளே வந்த கதவு வேறு. அதோடு, நல்லது என்று நம்பி முப்பது வருடம் வாழ்க்கையைக் கட்டியவரிடம் அடிக்கல்லை உருவச் சொல்கிறீர்கள்.

எனக்கும் இப்படி ஒரு நண்பர் உண்டு. நாங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை: "நல்லதா கெட்டதா" என்ற கேள்வியை எடுப்பதில்லை, என்ன நடந்தது என்பதை மட்டும் பேசுவது. எந்த அறை, யார் பக்கத்தில், மதியம் என்ன கொடுத்தார்கள். ஆறு வருடம் இப்படியே பேசினோம். ஒருநாள் அவராகவே, "அந்தச் சின்னப் பையனை நால்வர் தரையில் அழுத்திப் பிடித்தோமே, அது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை" என்றார். நான் எதுவும் சேர்க்கவில்லை.

கேள்வி: ஒரே சம்பவத்தை நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாக நினைவு வைத்திருக்கிறோம். யார் சொல்வது சரி?

மூவரும் கொஞ்சம் தவறாக இருக்கலாம். தூக்கம் இல்லாமல், பயத்தில் இருந்த பிள்ளைகளின் நினைவு அது. அதன்மேல் நாற்பது வருடத் தூசி. இன்னொன்று, ஒருவர் நினைவைக் கேட்கக் கேட்க அது நம்முடையதாகிவிடும். அதனால் சந்திப்பதற்கு முன் உங்கள் நினைவில் இருப்பதைத் தேதியிட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். மையம் மூடியிருந்தால் கோப்புகள் யார் வசம் என்று அந்த மாநிலத்தின் உரிமம் வழங்கும் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அழித்திருப்பார்கள், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் கோப்பை நீங்கள் கேட்கலாம். நண்பரின் கோப்பை அவர்தான் கேட்க வேண்டும். போதை சிகிச்சைப் பதிவுகளின் இரகசியத்துக்கு அமெரிக்காவில் 1970களிலிருந்தே தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கேள்வி: அப்போது எங்களை நடத்திய ஊழியர் ஒருவர் நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார்.

ஏற்க வேண்டிய கடமை இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: அவருக்கு அப்போது என்ன வயது? பல ஊழியர்கள் 18, 19 வயதில் அதே குழுவிலிருந்து தேறியவர்கள். 40 வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டு நடத்தியவரையும் அவரையும் நான் ஒரே தராசில் வைப்பதில்லை. நீங்கள் வைத்தாலும் தப்பு சொல்ல மாட்டேன்.

கேள்வி: பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு நாள் ஓர் இடத்தில் தங்கிச் சந்திக்கலாம் என்று திட்டம். உங்கள் கருத்து?

முதல் சந்திப்பே பன்னிரண்டு பேரா? நாற்காலிகளை வட்டமாகப் போட்டதுமே யாராவது ஒருவருக்கு மூச்சு முட்டும். முதலில் இருவர் இருவராகச் சந்தியுங்கள். பகலில், பொது இடத்தில், ஒன்றரை மணி நேரம். அவரவர் வண்டியில் வரட்டும், கிளம்ப நினைத்தால் கிளம்பலாம். தங்களோடு துணையை அழைத்து வர விரும்புகிறவர்கள் அழைத்து வரட்டும். குடிக்கும் இடமாக இருக்க வேண்டாம். சிலர் இன்னும் ஒவ்வொரு நாளாகத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என் முதல் சந்திப்பைச் சொல்கிறேன். இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். எட்டு நிமிடத்தில் இரண்டு தட்டும் காலி. வேறு யாரோடு சாப்பிட்டாலும் நான் அப்படிச் சாப்பிடுவதில்லை. பிறகு அவள், "கழிப்பறைக்குப் போக வேண்டும், போகலாமா?" என்று என்னிடம் கேட்டாள். பேத்தி எடுத்தவள். நானும் "போ" என்று தலையசைத்துவிட்டேன். அவள் பாதி தூரம் போனபிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையைப் பன்னிரண்டு பேர் நடுவில் என்னால் தாங்கியிருக்க முடியாது.

கேள்வி: கண்டுபிடித்த நண்பர் இன்னும் போதையில்தான் இருக்கிறார். பணம் கேட்கிறார்.

பணம் கொடுக்காதீர்கள். தொடர்பை விடாதீர்கள். சாகப் போகிறேன் என்ற பேச்சு வந்தால் தயங்காமல் நேரடியாகக் கேளுங்கள். அவர் அமெரிக்காவில் இருந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே அழைத்து ஆலோசனை கேளுங்கள். 'மறுபடி எங்காவது சேர்த்துவிடுகிறேன்' என்ற வாக்கியத்தை நம்மில் ஒருவர் இன்னொருவரிடம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகனை அப்படி ஒரு மையத்தில் சேர்த்துவிட்ட தாய் நான். என் மகன் இப்போது பழைய நண்பர்களைச் சந்தித்துவிட்டு வந்து என்னிடம் பேசுவதில்லை. எனக்கு 78 வயது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

அம்மா, உங்களை நம்பவைத்துத்தான் அனுப்பச் செய்தார்கள். பிள்ளை புகார் சொன்னால் நம்பாதீர்கள், தப்பிக்கப் பொய் சொல்வான் என்று பெற்றோர் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். 2007இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இத்தகைய திட்டங்களில் நடந்த பத்துப் பிள்ளைகளின் மரணங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அவர்களையும் பெற்றவர்கள் நல்லது நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். இந்த மையங்களைப் பற்றி ஆராய நாட்டளவில் ஒரு சட்டம் வந்ததே 2024 டிசம்பரில்தான்.

ஆனால் மகனிடம் இதைச் சொல்லித் தொடங்காதீர்கள். "நல்லது என்று நினைத்தேன்" என்பதை அவர் நூறு முறை கேட்டிருப்பார். "அங்கே என்ன நடந்தது? நான் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், அழுகை வந்தாலும். என் அம்மா அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுமை குறைந்திருக்கும்.

கேள்வி: செய்தி அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. படித்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இல்லை. இன்னொரு முறை அனுப்பலாமா?

ஒரு வருடம் போகட்டும். அதன்பின் ஒரே ஒரு முறை. அதற்கும் பதில் இல்லை என்றால் அதுதான் பதில்.

நான் வீடு திரும்பிய நாளில் என் பச்சை ஸ்வெட்டரைப் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவளைக் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பினேன். மூன்று வருடம் சத்தமே இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: "ஸ்வெட்டர் என்னிடம்தான் இருக்கிறது. விலாசம் கொடு, அனுப்புகிறேன்." நீயே வைத்துக்கொள் என்று எழுதினேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.