டிக்கெட் போடுவதற்கு முன்னால்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் லீவில் ஊருக்கு வருவதைப் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் கிளம்புவதற்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் இந்தியாவுக்குள் வருவதில் பிரச்சினையே இல்லை, சிக்கல் எல்லாம் திரும்பிப் போகும்போதுதான் வருகிறது. அதனால் பதில்களில் அதைப் பற்றியே கூடுதலாகப் பேசியிருக்கிறேன்.

கேள்வி: ரியாத்தில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அப்பாவுக்கு இதய ஆபரேஷன், மூன்று மாதம் கூடவே இருக்க வேண்டும். கம்பெனியில் கேட்டால் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இழுக்கிறார்கள். எக்ஸிட் ரீஎன்ட்ரி (நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் விசா) நானே எடுக்க முடியுமா?

பதில்: முடியும். 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, கம்பெனி வேலையில் இருப்பவர்கள் சவூதி அரசின் இணையச் சேவையான அப்ஷர் மூலம் தாங்களே எடுக்கலாம், கம்பெனிக்குத் தகவல் மட்டும் போகும். வேலை ஒப்பந்தம் அரசின் கிவா இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், இக்காமாவும் (குடியிருப்பு அனுமதி) செல்லுபடியில் இருக்க வேண்டும். வீட்டு வேலை, வீட்டு டிரைவர், தோட்ட வேலை, ஆடு மேய்ப்பது போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்கள் ஸ்பான்சரான கஃபீலைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம்.

ஒருமுறை போய்வரும் விசா இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால், ஆக உங்களுக்கு 300. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி இந்தச் செலவு முதலாளியுடையது, தயங்காமல் கேளுங்கள். தொடக்கத்திலேயே மூன்று மாதத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஊரில் இருந்துகொண்டு நீட்டிக்கவும் முடியும், ஆனால் கட்டணம் இரட்டிப்பு. இக்காமா முடியும் தேதியும் நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். விசா கிடைத்துவிட்டால் லீவு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, லீவை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள். அப்புறம், விசாவைப் பிரிண்ட் எடுத்து, அதில் இருப்பது எக்ஸிட் ரீஎன்ட்ரியா அல்லது திரும்பி வர முடியாத ஃபைனல் எக்ஸிட்டா என்று அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துவிடுங்கள், யார் எடுத்துக் கொடுத்திருந்தாலும் சரி. அப்பா நன்றாகக் குணமாகட்டும்.

கேள்வி: ஜப்பானில் நகோயாவில் வேலை. விசா முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது, நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன், பதில் வரவில்லை. இடையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வரலாமா?

பதில்: போய் வரலாம். ஜப்பானில் 2012 ஜூலையிலிருந்து சிறப்பு மறுநுழைவு என்று ஒரு வசதி இருக்கிறது. விமான நிலையத்தில் வெளியேறும்போது தருகிற சிறு படிவத்தில், திரும்பி வரப் போகிறேன் என்ற கட்டத்தில் டிக் போட்டு, ரெசிடென்ஸ் கார்டையும் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த டிக்கை மறந்து வெளியேறிவிட்டால் உங்கள் குடியிருப்பு உரிமை அத்தோடு முடிந்துவிடும், புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிவு வராத விண்ணப்பம் இருக்கும்போது பழைய விசா முடிந்த தேதியிலிருந்து அதிகபட்சம் இரண்டு மாதம் வரை உங்களுக்கு அவகாசம் உண்டு, அதற்குள் திரும்பி வந்து புது கார்டை நேரில் வாங்கியாக வேண்டும். சிறப்பு மறுநுழைவின் காலத்தை வெளிநாட்டில் இருந்து நீட்டிக்க முடியாது, எனவே இரண்டு வாரத்தை இரண்டு மாதமாக இழுக்காதீர்கள்.

கேள்வி: டெக்சஸில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் முடிந்துவிட்டது, ஆனால் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் இன்னும் இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் வந்து, சென்னையில் ஸ்டாம்பிங் முடித்துத் திரும்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: மூன்று வாரக் கணக்கு இப்போது சரிவராது. ஐ-797 இருப்பதால் அமெரிக்காவுக்குள் வேலை செய்யலாம், தங்கலாம். வெளியே வந்தால் திரும்பி நுழைய பாஸ்போர்ட்டில் உயிருள்ள விசா வேண்டும், அது இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். முன்பு புதுப்பிப்பவர்கள் நேர்காணல் இல்லாமலே டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிட்டுக் கல்யாண வேலையைப் பார்ப்பார்கள். 2025 செப்டம்பர் 2-இலிருந்து எச்-1பி-க்கு அந்த வசதி போய்விட்டது, நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும். வேறு நாட்டில் போய் முடித்துவிடலாம் என்ற பழைய வழியும் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது: குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (அவர்களின் குடும்பத்தினருக்கான விசா) விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் அலசுகிறார்கள். அதனால் அந்த டிசம்பரில் இந்தியாவில் நேர்காணல் வைத்திருந்த பலருக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போனது. வேலை பார்ப்பவர்கள் இங்கே, வீட்டு வாடகையும் கார் கடனும் குழந்தைகளின் பள்ளியும் அங்கே என்று குடும்பங்கள் மாட்டிக்கொண்டன.

எனவே முதலில் நேர்காணல் தேதி, அப்புறம் டிக்கெட். தேதி தள்ளிப்போனால் இந்தியாவிலிருந்து எத்தனை வாரம் வேலை செய்ய அனுமதிப்பார்கள் என்பதை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள், பல கம்பெனிகள் வரிச் சிக்கலுக்குப் பயந்து சில வாரங்களுக்கு மேல் விடுவதில்லை. நேர்காணலில் 221(ஜி) என்று சீட்டு கொடுத்தால் அது இறுதி மறுப்பு இல்லை, கூடுதல் ஆவணமோ பரிசோதனையோ நிலுவையில் இருக்கிறது என்று பொருள், ஆனால் அதற்கு முடிவுத் தேதி கிடையாது. இந்த அளவு நிச்சயமின்மையைத் தாங்க முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், தங்கையிடம் மனம்விட்டுப் பேசி, குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும், அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். திரும்பி நுழைந்த அன்றே, எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை இணையத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், ஐ-797-இல் எந்தத் தேதி இருந்தாலும், பாஸ்போர்ட் முடியும் நாளோடு ஐ-94-ஐ நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தேதியைக் கவனிக்காமல் தங்கிவிட்டால் சட்டவிரோதத் தங்கல் ஆகிவிடும்.

கேள்வி: தோஹாவில் எங்களுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். பாட்டி தாத்தாவிடம் காட்ட உடனே கூட்டிப் போகலாமா?

பதில்: வாழ்த்துகள்! அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழை வாங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுங்கள். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையை ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும், வீண் அலைச்சல். பாஸ்போர்ட் வந்தவுடன் ஓடிவிடாதீர்கள். குழந்தை பெயரில் குடியிருப்பு அனுமதியும் வாங்கிய பிறகு கிளம்புங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இருவரும் திரும்பலாம், குழந்தைக்கு மட்டும் புதிதாக விசா தேட வேண்டிவரும்.

கேள்வி: துபாய் ரெசிடென்ஸ் விசா. ஊரில் எவ்வளவு நாள் இருக்கலாம்?

பதில்: தொடர்ந்து 180 நாளுக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் விசா செல்லாது, நீண்டகாலக் குடியிருப்பு விசாவான கோல்டன் விசா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி: லீவில் ஊருக்கு வந்திருக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளலாமா? இனிஷியலை விரித்து எழுதிவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: புதுப்பிப்பதை முடிந்தவரை நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் போலீஸ் விசாரணை தாமதமானால் லீவு கரைந்துவிடும். பெயரை இப்போது தொடவே வேண்டாம். அப்பா பெயரை விரித்துச் சேர்த்ததும் விசாவிலும் குடியிருப்பு அட்டையிலும் டிக்கெட்டிலும் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் மட்டும் புதுப் பெயர் என்று ஆகிவிடும், விமான நிலையக் கவுன்ட்டரில் அதை விளக்கி மாளாது. அவசரத்துக்கு ஊரிலேயே புதுப்பித்துவிட்டீர்களா, விசா ஒட்டியிருக்கும் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள், புது எண்ணைக் கிளம்பும் முன்பே கம்பெனிக்கு அனுப்பி அவர்கள் பதிவில் மாற்றச் சொல்லுங்கள்.